வென்றவர் தெய்வமும் தோற்றவர் தெய்வமும்

பண்டைய மேற்காசியாவில் ஒரு நாடு போரில் தோற்றால் அந்நாட்டுத் தெய்வமும் தோற்றதாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. படையெடுத்து வந்தவர்கள் அரண்மனைக் கருவூலத்தோடு கோயில் திருமேனிகளையும் வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள். கி.மு. 689இல் அசீரிய மன்னர் சனகெரிப் பாபிலோன் நகரை அழித்தபோது, அதன் காவல் தெய்வமான மார்துக்கின் சிலை அசீரியர் கைக்குப் போயிற்று. கி.மு. 668 வரை அது திரும்பவில்லை. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் பாபிலோனில் புத்தாண்டு விழா நடக்கவில்லை என்று அந்நாட்டு ஆண்டுக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. உலா வர உற்சவர் இல்லாத ஊரில் திருவிழா எப்படி நடக்கும்?

அடுத்த நூற்றாண்டில் நாட்டையும் அரசனையும் கோயிலையும் ஒருசேர இழந்த யூதா என்ற சிற்றரசின் மக்கள், தங்கள் தெய்வம் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களை வென்ற பேரரசுகளின் தெய்வங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர்கள் வணங்கிய தெய்வத்தையோ யூதர், கிறித்தவர், இசுலாமியர் என உலக மக்களில் பாதிப் பேருக்கு மேல் தம் தெய்வமாகக் கருதுகிறார்கள். பேரரசுகள் எதனால் விரிகின்றன, அவற்றிடம் தோற்றவர்களின் பண்பாடு எதனால் பிழைக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து ஆராய இவ்வரலாறு இடம் தருகிறது.

விரிவின் காரணங்கள்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஏதென்ஸ் தூதர்கள் ஸ்பார்ட்டாவில் பேசுவதாக அமைத்த உரையில் பேரரசுக்கு மூன்று காரணங்களைச் சொல்ல வைக்கிறார்: அச்சம், கௌரவம், ஆதாயம். கிடைத்ததைக் கைவிட்டால் பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமே விரிவை நிறுத்த முடியாமல் செய்கிறது என்பது அந்த வாதத்தின் சாரம்.

இம்மூன்றும் அசீரியாவுக்கு அப்படியே பொருந்தும். டைகிரிஸ் ஆற்றங்கரையில் அசூர் என்ற வணிக நகரமாகத் தொடங்கிய அந்த நாட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் மலைகள். தெற்கிலும் மேற்கிலும் காவலுக்கு இயற்கை அரண் கிடையாது. உலோகமும் நல்ல மரமும் போர்க்குதிரையும் வெளியிலிருந்து வரவேண்டியவை. வணிகப் பாதையைக் காக்க ஒரு நகரைப் பிடித்தால், அந்த நகரைக் காக்க அதற்கப்பால் உள்ள கணவாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லை நகர நகர, பகையும் கூடவே நகர்ந்தது.

மூன்றாம் திக்லத்பிலேசர் (கி.மு. 745–727) இதை ஒரு நிர்வாக முறையாக்கினார். அதுவரை திறை கட்டிக்கொண்டு தம் ஆட்சியில் இருந்த சிற்றரசுகள் பல, அவர் காலத்தில் ஆளுநர் ஆளும் மாகாணங்களாயின. திறை படைக்கும், படை மேலும் திறைக்கும் வழி செய்தது. பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் 1919இல் ஏகாதிபத்தியம் பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு பொது விதியாக முன்வைத்தார்: போரின் தேவைக்காக உருவான படை அமைப்பு, பிறகு தான் நிலைப்பதற்காகவே போரைத் தேடுகிறது, அந்நிலையில் விரிவுக்குத் திட்டமான குறிக்கோள் எதுவும் இருப்பதில்லை. அவர் எடுத்துக்காட்டிய அரசுகளில் அசீரியாவும் ஒன்று.

ஆதாயமும் அச்சமும் மட்டும் படைவீரனை ஆண்டுதோறும் வீட்டைவிட்டுக் கிளப்பப் போதா. அசீரியக் கோட்பாட்டின்படி உண்மையான அரசர் அசூர் என்ற தெய்வமே. மண்ணுலக மன்னர் அவருடைய பூசாரியும் பதிலாளும் ஆவார். முடிசூட்டுச் சடங்கிலேயே செங்கோலால் நாட்டை அகலப்படுத்தும்படி புதிய மன்னருக்குச் சொல்லப்பட்டது. அசூரின் ஆட்சி எட்டாத நிலம் ஒழுங்கு இல்லாத நிலம். அதை ஒழுங்குக்குள் கொண்டுவருவது திருப்பணி. இவ்வாறு போர் வழிபாட்டின் ஒரு பகுதியாயிற்று. இந்தக் கோட்பாட்டுக்குள் ஓர் ஆபத்தும் இருந்தது: தெய்வத்தின் பெருமைக்கு வெற்றியே சான்று என்றால், தோல்வி வரும் நாளில் அந்தத் தெய்வத்துக்குச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சாது.

வேரோடு பெயர்த்தல்

கி.மு. 722 அளவில், யூதாவுக்கு வடக்கே அதே தெய்வத்தை வணங்கிய வட இஸ்ரேல் அரசின் தலைநகர் சமாரியா அசீரியாவிடம் விழுந்தது. 27,290 பேரை அங்கிருந்து பெயர்த்துச் சென்றதாக இரண்டாம் சர்கோனின் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. பெயர்க்கப்பட்டவர்கள் பேரரசின் பல மூலைகளில் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு நாட்டவர் கொண்டுவரப்பட்டார்கள். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கக்கூடியவர்களை ஊரிலிருந்து அகற்றுவது, புதிய நகரங்களுக்கும் வயல்களுக்கும் ஆள் சேர்ப்பது என இம்முறையால் ஒரே கல்லில் இரண்டு காரியங்கள் நடந்தன.

இதன் ஒரு காட்சி கல்லில் பதிந்திருக்கிறது. கி.மு. 701இல் யூதாவின் லாகீசு கோட்டையைப் பிடித்த சனகெரிப், அந்த முற்றுகையைத் தம் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்குவித்தார். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பலகைகளில் மதிலை இடிக்கும் பொறிகளுக்கும் கழுவேற்றப்பட்ட உடல்களுக்கும் அருகே, ஊரைவிட்டு வெளியேறும் குடும்பங்கள் வரிசையாகப் போகின்றன. மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். விலா எலும்பு தெரியும் மாடுகள் வண்டியை இழுக்கின்றன. வென்றவரின் பெருமைக்காகச் செதுக்கிய சிற்பத்தில்தான் தோற்றவரின் உடையும் முகமும் இன்று காணக் கிடைக்கின்றன.

வட இஸ்ரேலிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் சில தலைமுறைகளில் சுற்றியிருந்த மக்களோடு கரைந்தார்கள். சிதறடிக்கப்பட்டது ஒரு காரணம். சிதறியவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் பொது நூலோ, கோயிலில்லாமல் நடத்தக்கூடிய வழிபாட்டு முறையோ அவர்களிடம் இன்னும் உருவாகாதது மற்றொரு காரணம்.

இரண்டு அரசர்கள், ஒரே கிடங்கு

கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயை அழித்தார்கள். அசீரியாவின் இடத்தைப் பிடித்த பாபிலோனிய மன்னர் இரண்டாம் நேபுகாத்நேச்சார் கி.மு. 604இல் பெலிஸ்தியரின் அஸ்கலோன் நகரை இடித்தார். 597இல் எருசலேமைப் பிடித்து யூதாவின் அரசர் யோயாக்கீனைச் சிறைகொண்டார். பத்தாண்டு கழித்து நடந்த கிளர்ச்சியின் முடிவில் எருசலேம் கோயிலையும் தீக்கிரையாக்கினார்.

பாபிலோன் அரண்மனையில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் அரண்மனைக் கிடங்கிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அவற்றுள் ஒன்று கி.மு. 592ஐச் சேர்ந்தது. யூதா அரசர் யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் இவ்வளவு எண்ணெய் என்று எழுதியிருக்கும் அதே கணக்குகளில் அஸ்கலோன் அரசர் ஆகாவின் மகன்களின் பெயரும் வருகிறது. இரு அரச குடும்பங்களும் ஒரே நகரில், ஒரே கிடங்கின் படி வாங்கிப் பிழைத்தன. இரு மக்களும் ஒரே பேரரசரால் பெயர்க்கப்பட்டு ஒரே நாட்டில் குடியமர்த்தப்பட்டார்கள். பெலிஸ்தியர் என்ற மக்கள் அதன்பின் வரலாற்றிலிருந்து மறைந்தார்கள். யூதா மக்கள் மறையவில்லை.

பாபிலோனிய நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அசீரியரைப் போல ஆட்களைக் கலந்து சிதறடிக்காமல், ஓர் ஊரிலிருந்து வந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்துக் குடியேற்றுவது அவர்கள் வழக்கம். தெற்கு மெசபடோமியாவில் யூதாவின் பெயரையே தாங்கிய ஓர் ஊர் இருந்ததைக் கி.மு. 572 முதல் ஒரு நூற்றாண்டுக் காலத்தைச் சேர்ந்த பலகைகள் காட்டுகின்றன. வாற்கோதுமைக் கடன், பேரீச்சைக் குத்தகை, வரி, ஊழிய நிலம் என்று அன்றாடக் கணக்கு வழக்குகளே அவற்றில் நிறைந்திருக்கின்றன. ஆப்பெழுத்தில் எழுதிய ஒரு பலகையில் செலேமியா என்ற பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. ஆனால் அஸ்கலோன், காசா ஆகிய ஊர்ப் பெயர்களைத் தாங்கிய குடியிருப்புகளும் பாபிலோனியாவில் இருந்தன. சேர்ந்து வாழ்ந்தது மட்டுமே காரணமாக இருந்தால் பெலிஸ்தியரும் பிழைத்திருக்க வேண்டும்.

தோல்விக்கு விளக்கம்

வட ஆப்பிரிக்க அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில், தோற்றவர்கள் வென்றவர்களை உடையிலும் வழக்கத்திலும் பின்பற்றவே எப்போதும் விரும்புவார்கள் என்கிறார். தன்னை அடக்கியவனிடம் ஏதோ ஒரு நிறைவு இருப்பதாக மனித மனம் நம்பிவிடுகிறது. தோல்வி தற்செயலால் வந்ததாக ஏற்பதைவிட வென்றவனின் சிறப்பால் வந்ததாக ஏற்பது அதற்கு எளிது. நம்பிக்கை இற்றுப்போன இனம் விரைவில் அழியும் என்பதும் அவருடைய முடிவு. பெரும்பாலான தோல்விகளின் பின்விளைவை இது சரியாக விளக்குகிறது. வென்றவனின் வெற்றிக்கு வென்றவனே காரணம் என்று தோற்றவர்கள் நினைக்கும் வரையில்தான் இது செல்லும்.

யூதாவின் இறைவாக்கினர்கள் மறுத்தது இந்த அடிப்படையைத்தான். ஏசாயாவின் நூலில் அசீரியா, இஸ்ரேலின் தெய்வம் தன் மக்களைத் தண்டிக்கக் கையில் எடுத்த கோல் ஆகிறது. எரேமியாவின் நூலில் நேபுகாத்நேச்சாரே அந்தத் தெய்வத்தின் ஊழியன். வெற்றி அவனுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. தவணை முடிந்ததும் பறிக்கப்படும். இப்பார்வையில் பாபிலோனியனைப் போற்றவோ பின்பற்றவோ தேவையில்லை, அவன் வெறும் கருவி.

இந்த எண்ணம் யூதாவின் தனிச்சொத்து அல்ல. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் யூதாவின் அண்டை நாடான மோவாபின் அரசர் மேசா நாட்டிய கல்வெட்டு, தன் நாடு முன்பு அடிமைப்பட்டதற்குத் தெய்வம் கேமோஷின் கோபமே காரணம் என்கிறது. மார்துக் சினந்ததால்தான் பாபிலோன் அழிந்தது என்று சனகெரிப்பின் மகன் எசர்ஹதோனும் எழுதிவைத்தார். கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றியபோது, மார்துக்கே அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று பாபிலோனியப் பூசாரிகள் களிமண் உருளையில் எழுதினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் யூதக் கவிஞர் ஒருவர் சைரஸைத் தம் தெய்வம் திருநிலைப்படுத்திய அரசர் என்று பாடினார். ஒரே வெற்றியாளரை இரண்டு தோற்ற மக்கள் தத்தம் தெய்வத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

வேறுபாடு அடுத்த படியில் இருந்தது. கேமோஷின் கோபம் தணிந்ததற்கு அடையாளம், இழந்த நிலம் திரும்பக் கிடைத்ததே; நிலம் கிடைக்காவிட்டால் அந்த விளக்கத்துக்கு மேலே செல்ல வழியில்லை. யூதாவின் விளக்கமோ தெய்வத்தின் கோபத்துக்குக் காரணமாக ஓர் உடன்படிக்கை மீறப்பட்டதைச் சொன்னது. மீறியது காரணம் என்றால் கடைப்பிடிப்பது பரிகாரம். ஏழாம் நாள் ஓய்வு, உணவு விலக்குகள், விருத்தசேதனம், நூலை ஓதுதல் ஆகியவற்றை எந்த ஊரிலும் யார் ஆட்சியிலும் கடைப்பிடிக்கலாம். தோற்றுப்போன குடியானவன் ஒருவனுக்கு மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலையை அந்த விளக்கம் கொடுத்தது. அவன் பிள்ளைக்கும் அதே வேலை காத்திருந்தது.

இந்த உடன்படிக்கையின் வடிவமே பேரரசிடமிருந்து எடுத்ததாக இருக்கலாம். கி.மு. 672இல் எசர்ஹதோன் தம் வாரிசு அசூர்பானிபாலுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினார். வாரிசைத் தம்மைப் போல் நேசிக்க வேண்டும், அவருக்கு எதிராகப் பேசுபவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், மீறினால் வானம் வெண்கலமாகவும் பூமி இரும்பாகவும் ஆகட்டும் என்பன அதன் வாசகங்கள். யூதரின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமத்தின் கட்டளைகளிலும் சாபங்களிலும் இவற்றுக்கு நெருங்கிய இணைகள் உள்ளன. அசீரியச் சத்தியத்தின் சட்டகத்தை எடுத்து, மன்னர் இருந்த இடத்தில் தெய்வத்தை வைத்தவர்கள் யூதாவின் எழுத்தர்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் பேரரசுக்கு உரியதெனச் சொல்லப்பட்ட விசுவாசத்தைப் பேரரசின் மொழிநடையிலேயே அவர்கள் மறுத்தார்கள் என்றாகும்.

பிழைப்பின் விலை

பிழைத்த பண்பாடு தோற்ற பண்பாட்டின் நகல் அல்ல. கி.மு. 800ஐ ஒட்டிச் சினாய்ப் பகுதியின் குந்திலெத் அஜ்ருத்தில் ஜாடிகள்மேல் எழுதப்பட்ட வாழ்த்துகளில் இஸ்ரேலின் தெய்வமான யாவேயோடு அசேராவும் சேர்த்து அழைக்கப்படுவதைக் காணலாம். இதைப் பெண்தெய்வம் என்றே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அந்த வழிபாடு தோல்விக்குப் பின் எழுந்த ஒரே தெய்வக் கொள்கையில் குற்றமாயிற்று.

வேறு விளக்கங்களும் அப்போது இருந்தன. எகிப்துக்குத் தப்பிச் சென்ற யூதாப் பெண்கள், வானத்து அரசி என்ற பெண்தெய்வத்துக்குப் படையல் நிறுத்தியதிலிருந்துதான் துன்பம் வந்தது என்று எரேமியாவிடம் வாதிட்டதை அவருடைய நூலே பதிவு செய்திருக்கிறது. தருக்க அளவில் இரண்டு விளக்கங்களும் சமமானவை. எரேமியாவின் விளக்கத்தைத் தாங்கிய கூட்டம் நூல்களைத் தொகுத்தது. மற்றதற்கு அத்தகைய கூட்டம் அமையவில்லை. எகிப்தில் நைல் நதித் தீவான எலிபன்டைனில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்குச் சொந்தக் கோயிலும் உண்டு. அங்கே கிடைத்த அரமேய மொழிப் பாப்பிரஸ் சுவடிகளில் அசீரிய அரசவை பற்றிய அகிகார் கதை இருக்கிறது. மோசேயின் சட்ட நூல்கள் இல்லை. கி.மு. 410இல் உள்ளூர்ப் பூசாரிகளின் தூண்டுதலால் கோயில் இடிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் அக்குடியிருப்பு சுவடின்றிப் போயிற்று.

பாரசீக ஆட்சியில் எருசலேம் திரும்பியவர்கள் கி.மு. 515 அளவில் கோயிலை மீண்டும் கட்டினார்கள். ஊரிலேயே தங்கிவிட்டவர்களையும் அண்டை மக்களோடு மண உறவு கொண்டவர்களையும் அவர்கள் ஐயத்தோடு நோக்கினார்கள். அயல்நாட்டு மனைவியரையும் பிள்ளைகளையும் விலக்கிவைக்கச் செய்த நிகழ்ச்சியை எஸ்றாவின் நூல் விவரிக்கிறது. பேச்சுமொழி மெல்ல அரமேயத்துக்கு மாறியது. எழுத்தும் அரமேய வடிவத்தை ஏற்றது. பழைய எழுத்து வடிவத்தின் வழிவந்ததை இன்றுவரை காத்துவருபவர்கள் கெரிசீம் மலையைப் புனிதமாகக் கொண்ட சமாரியர்கள். தாங்களே பழைய இஸ்ரேலின் உண்மையான வழித்தோன்றல்கள் என்பது அவர்கள் கட்சி. இன்று அவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு.

இவ்வளவு மாறிய பின்னும் இது அதே பண்பாடுதானா என்பது தத்துவக் கேள்வி. உள்ளடக்கம் மாறாமல் இருப்பதே தொடர்ச்சி என்றால் உலகில் தொடர்ந்த பண்பாடு என்று ஒன்றைக் காட்டுவது அரிது. முன்னோரின் சொல்லுக்குப் பின்னோர் தம்மைப் பொறுப்பாளிகளாகக் கருதி, அதை மாற்றும்போதும் அதன் பெயராலேயே மாற்றுவதைத் தொடர்ச்சி என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாம் அழிவும் அசீரியாவின் முடிவும்

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் கோயிலை மறுபடி அழித்தபோது, பலி கொடுக்க இடமில்லாத நிலை திரும்பவும் வந்தது. அதுவரை கோயிலுக்குப் போன ஆண்டுவரியை ரோமின் ஜுப்பிட்டர் கோயிலுக்குச் செலுத்தும்படி யூதர்களுக்கு ஆணை பிறந்தது. வென்ற தெய்வத்துக்குத் தோற்றவர் கப்பம் கட்டும் பழைய முறையின் ரோமானிய வடிவம் இது. யாவ்னே என்ற ஊரில் கூடிய யூத அறிஞர்கள் பலியின் இடத்தில் தொழுகையையும் கல்வியையும் வைத்தார்கள். கி.பி. 135இல் கடைசிக் கிளர்ச்சியும் ஒடுங்கி, எருசலேம் வேறு பெயருள்ள ரோமானிய நகரமான பின், கி.பி. 200 அளவில் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு உருவாயிற்று. நடைமுறையில் இல்லாத கோயிலின் பலி விதிகளையும் அது விரிவாகப் பேசுகிறது. அரசும் நிலமும் இல்லாமல் நடக்கும்படி அமைந்த இவ்வாழ்க்கை முறை நெடுந்தொலைவு சென்றது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் வெட்டுவித்த செப்பேடு அதற்குச் சான்று.

அசீரியாவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நினிவே எரிந்தபோது அசூர்பானிபாலின் நூலகம் அழியவில்லை. தீயில் சுட்ட களிமண் பலகைகள் இன்னும் கெட்டியாயின. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த அவற்றில் பலகைகளும் துண்டுகளுமாக முப்பதாயிரத்துக்கு மேல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டோடு ஆப்பெழுத்து எழுதும் வழக்கமே நின்றுபோனது. 1850களில் அறிஞர்கள் அதைப் புதிதாகப் படித்தறியும்வரை அந்த நூல்களுக்கு வாசகர் இல்லை. அசூர் நகரில் அத்தெய்வத்தின் வழிபாடு பார்த்தியர் காலம்வரை உள்ளூர் அளவில் நீடித்தது. உலகை ஆளும் தெய்வம் என்ற அதன் நிலை மட்டும் கி.மு. 612க்குப் பின் தொடரவில்லை. பேரரசை இழந்த அசூர் எதற்காக இன்னும் வணங்கத்தக்கவர் என்று சொல்லும் நூல் எதையும் அவருடைய எழுத்தர்கள் விட்டுச்செல்லவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறும் விதிகளுக்கு எல்லையும் உண்டு. 1492க்குப் பின் கரீபியன் தீவுகளின் தாயினோ மக்கள் நோயாலும் கட்டாய உழைப்பாலும் சில பதிற்றாண்டுகளில் பெருமளவு மாண்டார்கள். ஆளே இல்லாத இடத்தில் எந்த விளக்கமும் பண்பாட்டைக் காக்காது. ஆட்கள் தப்பிய இடங்களில் நான்கு காரணிகள் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன: சேர்ந்து வாழ வென்றவர் விடுகிறாரா, நிலத்தோடும் கோயிலோடும் கட்டுண்ட வழிபாடு இல்லத்துக்கும் நூலுக்கும் பெயர முடிகிறதா, அந்த நூலை ஓதி அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஒரு கூட்டம் இருக்கிறதா, தோல்விக்குத் தோற்றவர்களே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்களா என்பன. முதலாவது வென்றவர் கையில் இருக்கிறது. மற்ற மூன்றும் தோற்றவர் கையில் இருப்பவை. அவற்றைத் தோல்விக்குப் பிந்திய முதல் சில தலைமுறைகளுக்குள் செய்துமுடித்த மக்களே பிழைத்திருக்கிறார்கள்.